சாளரத்தோரக் கட்டில்

வைகாசி 17, ஞாயிறு

இன்று முற்பகல் பாளையங்கோட்டையின் இப்புதிய இல்லத்தில் பால் காய்ச்சினோம். பால் கிழக்கு நோக்கிப் பொங்கியதென்று என் கணவரின் அக்காள், சண்முகவடிவு மதினி, பெரிதும் மகிழ்ந்தார். அடுப்பு அப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது என்பது என் கருத்து. நல்ல நாளில் அதைச் சொல்வானேன் என்று வாளாவிருந்தேன்.

இந்நாட்குறிப்பை முறையாக எழுதுவதென்று உறுதி பூண்டுள்ளேன். எட்டாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்பட்டவள் நான். குச்சி அடுக்கிய அதே விரல்களால் நூலகத்து நூல்களைப் புரட்டி, எவருடைய துணையுமின்றித் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தேறினேன். என் வீட்டில் குழந்தைகளிடமும் நான் செந்தமிழிலேயே உரையாடுவேன். கோவில்பட்டியில் எங்கள் தெருவார் இதைக் கேலி செய்ததுண்டு. மனு எழுத வேண்டி வந்தபோது என்னிடமே வந்ததும் உண்டு.

என் கணவருக்கு இவ்வூர்த் துணைமின் நிலையத்துக்கு மாறுதல் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிடக் கேட்டுப் பெற்றார் என்பதே சரி. "அந்த வீட்ல இனிமே என்னால இருக்க முடியாது பேச்சி" என்றார். காரணத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

காலையில் கோவில்பட்டி வீட்டிலிருந்து புறப்படும் வேளையில், விளக்கையும் உப்புச் சட்டியையும் கையில் ஏந்தியபடி மதினி வாசலில் நின்றுவிட்டார்.

"ஏளா பேச்சி, நிலாவக் கூப்பிட்டியா?"

"எதற்கு மதினி?"

"எதுக்கா? செத்த பிள்ளைய தனியா விட்டுட்டா போவாங்க? நம்ம குடும்பத்துல கன்னியாப் போன பிள்ளைய வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் வீடு மாறணும். கூப்பிடாட்டி அது அங்கனயே நிக்கும்லா."

மதினி பயன்படுத்திய அச்சொல் எனக்கு உடன்பாடானதன்று. லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று மட்டும் சொல்லி, வண்டியில் ஏறி அமர்ந்தேன்.


வைகாசி 18, திங்கள்

குழந்தைகளின் அறையை இன்று ஒழுங்குபடுத்தினேன். கிழக்குச் சாளரம் உடைய பெரிய அறையையே அவர்களுக்கு ஒதுக்கினேன். பெரியவர்கள் எங்கும் உறங்கலாம். வளரும் பிள்ளைகளுக்கே காலை வெயில் தேவை. மின்சாரத் துளைகளை அவரிடம் சொல்லி மூடச் செய்தேன். அலமாரியின் கீழ்த்தட்டுகள் பிள்ளைகளுக்கு, மேல்தட்டுகள் எனக்கு. தம் உடையைத் தாமே எடுத்து உடுத்தும் குழந்தை தன் வாழ்வையும் தானே எடுத்து நடத்தும் என்று ஓர் இதழில் படித்திருக்கிறேன்.

கட்டில்கள் மூன்று. கோவில்பட்டித் தச்சர் ஒரே மரத்தில் ஒரே அளவில் செய்து தந்தவை. கதவருகே நன்மாறனுடையது, அவன் நான்கு வயதுக்காரன், விழுந்தாலும் நான் ஓடிவர வழி வேண்டும். நடுவில் மணிமொழியுடையது. சாளரத்தோரத்தில் எழில்நிலாவுடையது. அவளுக்குக் காற்று முகத்தில் பட வேண்டும். இல்லையேல் உறக்கம் கொள்ளாள். அவளுடைய பாவாடைகளை மடித்துத் தட்டில் வைத்து, பள்ளிப் பையைக் கொக்கியில் மாட்டினேன். அறை நிறைந்துவிட்டது. கட்டில்களுக்கிடையே ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது. நிறைவான அறை என்றால் அப்படித்தான்.

மணிமொழி சாளரத்தோரக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இந்தக் கட்டில்ல நான் படுக்கட்டா?"

"அது அக்காவின் கட்டில். மூத்தோர்க்குரிய இடத்தை இளையோர் விரும்புதல் பண்பன்று."

"அக்கா எப்பம்மா வருவா?"

அதற்குள் வாசலில் புதிய பால்காரர் மணியடித்தார்.

என் கணவர் மாலையில் அறையைப் பார்த்தார். கதவருகிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "ரெண்டு போதுமே பேச்சி" என்றார். வாடகை வீட்டில் பொருள்களைச் சிதறடிக்கக் கூடாதென்றும், ஒரு கட்டிலை மட்டும் பிரித்து வைத்தால் மரம் கோணும் என்றும் விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசும் வழக்கம் அவரை விட்டுப் போய் ஏறத்தாழ ஓராண்டாகிறது.


வைகாசி 19, செவ்வாய்

மின்விசிறியின் காற்று மூன்று கட்டில்களையும் சமமாகச் சென்றடைகிறது.


வைகாசி 21, வியாழன்

காலையில் பிள்ளைகளை எழுப்பச் சென்றேன். மணிமொழி நடுக்கட்டிலில் சுருண்டு கிடந்தாள். நன்மாறன் வழக்கம்போல் தலைமாடும் கால்மாடும் மாறிக் கிடந்தான். சாளரத்தோரக் கட்டிலின் விரிப்பு கசங்கியிருந்தது.

நான் விரிப்பை இழுத்துச் செருகும் முறையை அறிந்தவர் அறிவர். ஒரு சுருக்கமும் இராது. இன்றோ நடுவில் பள்ளமும், தலையணையில் ஒரு தலையின் அழுத்தமும் இருந்தன. சாளரமும் திறந்திருந்தது. இரவில் என் கையால் தாழிட்டேன் என்பது நன்கு நினைவிருக்கிறது.

விரிப்பைச் சரி செய்யாமல் சற்று நேரம் நின்றேன். "நன்றாக உறங்கினாயா" என்று என் வாய் கேட்டுவிட்டது. யாரைக் கேட்டேன் என்பது தெளிவில்லை. மணிமொழி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனம் இன்று இலேசாக இருந்தது. காரணம் ஆராயத் தக்கதன்று. பிற்பகலில் பருப்பு வடை சுட்டேன். நெடுநாள்களாகச் சுடவில்லை. தட்டோடு கூடத்துக்குச் சென்றபோது மணிமொழி தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "லேய், அம்மா பாட்டுப் படிச்சாங்க. கேட்டியா?"


வைகாசி 22, வெள்ளி

இன்றும் விரிப்பு கசங்கியிருந்தது. சாளரமும் திறந்திருந்தது.


வைகாசி 25, திங்கள்

பள்ளி திறந்தது. மணிமொழி முதல் வகுப்பு. சீருடை சற்றே பெரிது, மடித்துத் தைத்திருக்கிறேன்.

சாளரத்தோரக் கட்டிலின் தலைமாட்டில் இரவுதோறும் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து வருகிறேன். பிள்ளைகளின் அறையில் தண்ணீர் இருத்தல் எந்தத் தாயும் செய்யத்தக்க ஏற்பாடே. காலையில் செம்பு பாதியாகிறது. வெயில் காலத்தில் நீர் ஆவியாவது இயல்பென்று நான் அறியாதவளல்லேன்.

ஆயினும் இன்று எனக்குப் பிடித்த நீலச் சேலையை உடுத்தினேன். அவர் பார்த்தார். "எங்கயும் போறியா?" என்று கேட்டார். எங்கும் போகவில்லை, எல்லாரும் இங்கேதான் இருக்கிறோமே என்றேன். அவர் உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பணிக்குச் சென்றார்.


வைகாசி 29, வெள்ளி

மணிமொழியின் கண்ணடியில் கருமை தெரிகிறது. புதிய ஊரின் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

நன்மாறன் சோறு உண்கையில் அறையைச் சுட்டிக்காட்டி, "அக்கா அங்கன போச்சு" என்றான்.

"எங்கே?"

"சன்னல் கட்டிலுக்கு. மெல்ல்ல போச்சு."

"எந்த அக்கா?"

"அக்கா" என்றான்.

அவனுக்கு இருவருமே அக்காதான். நான் மேலும் வினவவில்லை. மணிமொழி குனிந்துகொண்டு தட்டிலிருந்த கத்திரிக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.


ஆனி 3, புதன்

எதிர்வீட்டு ஜெயராணி டீச்சர் வந்திருந்தார். மணிமொழியின் வகுப்பாசிரியை அவரே என்பதை அறிந்து மகிழ்ந்தேன். அவருக்குக் காபி தந்து, தமிழ் கற்பித்தல் குறித்துச் சில கருத்துகளைத் தெரிவித்தேன்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

"மூவர்."

"மூத்தது ஸ்கூல்ல இல்லையே? நான் பாத்ததில்லையே."

"இளைப்பாறுகிறாள்" என்றேன். அது பொய்யன்று. எந்த அகராதியில் பார்த்தாலும் பொய்யன்று.


ஆனி 7, ஞாயிறு

சண்முகவடிவு மதினி மதியம் வந்தார். கையில் ஒரு புதிய ஓலைப்பெட்டி. வந்தவர் பிள்ளைகளின் அறைக்குள் நேரே போனார். கொக்கியில் தொங்கும் பையையும், செம்பையும், கட்டிலையும் பார்த்தார். பிறகு நன்மாறனின் கட்டிலில் அமர்ந்துகொண்டார்.

"ஆடி பொறந்தா வருசம் திரும்புது பேச்சி. அதுக்குள்ள பிள்ளைக்குப் புதுப் பாவாட சட்ட எடுத்து, வளையல் பொட்டு வாங்கி, இந்தப் பெட்டியில வச்சு வீட்டுல தொங்கவிடணும். வருசா வருசம் துணி மாத்திக் கும்பிட்டா வீட்டுக்குத் தெய்வமா நின்னு காக்கும். எங்க அத்தைக்கு அப்படித்தான் செஞ்சாங்க. அம்மன் நோவுல போச்சு, ஒம்பது வயசுல. இன்னைக்கும் எங்க அண்ணன் வீட்டுல அந்தப் பெட்டி தொங்குது."

"என் மகள் தெய்வமாக வேண்டியதில்லை மதினி. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும்."

"காய்ச்சல்ல போனவ எங்கட்டி பள்ளிக்கூடம் போவா?"

"தெய்வமாக்குவதென்றால் நாமே முன்வந்து ஒப்படைப்பதற்கு நிகர். நான் ஒப்படைக்கவில்லை."

"நீ ஒப்படைச்சாலும் படைக்காட்டியும்…" மதினி நிறுத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "அவள அந்த வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோமேன்னு எனக்கு உறக்கமே வரலளா."

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பெருமிதம் நாவை மீறியது.

"கூப்பிடாமலேயே வந்துவிட்டாள்" என்றேன்.

விரிப்பையும் தலையணையையும் காட்டினேன். மதினி தலையணையை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு திரும்பி, கதவோரம் நின்ற மணிமொழியைப் பார்த்தார். புறப்படும்வரை அவளை மடியிலேயே வைத்துக்கொண்டு தலையைக் கோதியபடி இருந்தார். மணிமொழி அம்மடியிலேயே உறங்கிப்போனாள், எழுப்பியும் எழவில்லை.

ஓலைப்பெட்டியை அவர் எடுத்துச் செல்லவில்லை. அதைப் பரணில் ஏற்றிவிட்டேன்.


ஆனி 10, புதன்

மணிமொழி இன்று தட்டின் முன் அமர்ந்தவாறே உறங்கிவிட்டாள். கையில் சோறு அப்படியே இருந்தது.


ஆனி 12, வெள்ளி

ஜெயராணி டீச்சர் மாலையில் வாசலிலேயே நின்று பேசினார். காபி வேண்டாம் என்றார்.

"மணி தெனமும் கிளாஸ்ல தூங்கி விழுறாம்மா. நேத்து பெஞ்சுல இருந்து கீழயே விழுந்துட்டா. ராத்திரி படுக்கிறது இல்லையான்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'ரெண்டு பேரு தூக்கம் தூங்கணும் டீச்சர், நேரம் பத்தல'ங்கா."

குழந்தைகளின் கற்பனை வளத்தைக் கடிந்துகொள்ளலாகாது என்றும், அவளுடைய சொற்றொடர் அமைப்பு வயதுக்கு மீறி நன்றாக இருக்கிறது என்றும் மறுமொழி கூறினேன்.

டீச்சர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க மூத்த பொண்ணப் பத்தி மணி சொன்னா" என்றார். பிறகு, "நான் ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

இரவு உணவுக்கு ரவை உப்புமா. உப்பு மிகுந்துவிட்டது.


ஆனி 17, புதன்

மணிமொழிக்குக் காய்ச்சல்.


ஆனி 18, வியாழன்

விடிந்ததும் மருத்துவமனைக்குச் சென்றோம். நன்மாறனை எதிர்வீட்டில் விட்டோம். குருதி எடுத்தார்கள். முடிவு வரும்வரை தாழ்வாரத்தில் அமரச் சொன்னார்கள்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சென்ற ஆண்டும் இப்படித்தான் ஒரு தாழ்வாரத்தில், இதேபோல் பச்சை வண்ணம் பூசிய சுவருக்கெதிரே அமர்ந்திருந்தோம். அன்றும் மடியில் இதே சூடு. அன்றும் நான் வெண்மையான ஒரு துண்டை நனைத்து நனைத்து நெற்றியில் இட்டேன். அதற்கு மேல் அந்நாளைப் பற்றி எழுத இயலவில்லை. இயலவில்லை என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துபவளல்லேன்.

"பயப்படாதீங்க, சாதாரணக் காய்ச்சல்தான்" என்றார் இளம்பெண்ணாக இருந்த மருத்துவர். "ஆனா பிள்ள உடம்புல தெம்பே இல்லையேம்மா. நல்லாத் தூங்குறாளா இல்லையா? இப்படியே விட்டா அடுத்த காய்ச்சலத் தாங்காது."

என் கணவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். தோள்கள் குலுங்கின. நான் கைப்பையில் மாத்திரைகளை ஒழுங்காக அடுக்கினேன்.


ஆனி 19, வெள்ளி

இதனைப் பிற்பகலிலேயே எழுதுகிறேன். மாலை வரை பொறுத்தால் சொற்கள் மாறிவிடும்.

மணிமொழி உண்டபின் உறங்கட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சற்று நேரம் கழித்துக் காய்ச்சலைப் பார்க்கச் சென்றேன். கதவு இடைவெளியில் அவள் தெரிந்தாள். நடுக்கட்டிலிலிருந்து இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சாளரத்தோரக் கட்டிலில் ஏறினாள். அங்கே மல்லாந்து படுத்து, ஒருபுறம் புரண்டு, மறுபுறம் புரண்டாள். தலையணையில் தலையை அழுத்தினாள். செம்பை எடுத்துத் தண்ணீரைப் பாதி குடித்தாள். பின்பு இறங்கி, தன் கட்டிலுக்குத் திரும்பினாள். கால்கள் நடுங்கின.

கதவைத் திறந்தேன்.

"அம்மா… பாத்துட்டீங்களா?"

"என்ன செய்கிறாய்?"

"அக்கா படுக்கையக் கலைக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போனதுல நேத்து மறந்துட்டேன். காலைல நீங்க கட்டிலப் பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போனீங்கல்லா."

"எப்போதிலிருந்து?"

"மொதல்ல சும்மா சன்னல் பக்கம் படுக்க ஆசையா இருந்துச்சு. அடிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க அடிக்கல. வடை சுட்டீங்க."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

"அப்புறம் தெனமும் பாதி ராத்திரி என் கட்டில்ல, பாதி ராத்திரி அக்கா கட்டில்ல. முழிச்சிக்கிட்டே இருந்தாத்தான் மாறிப் படுக்க முடியும். சில நாளு பயமா இருக்கும்மா. படுத்துக்கிட்டு இருக்கும்போது அக்கா வந்து, எந்திரிட்டின்னு சொல்லிட்டா?"

"சாளரம்?"

"சன்னல நான் தொறக்கல. எனக்குக் கொண்டி எட்டாது."

அவளைத் தூக்கி மடியில் இட்டு, சாளரத்தோரக் கட்டிலிலேயே அமர்ந்தேன். இந்த வீட்டில் அக்கட்டிலில் நான் அமர்வது இதுவே முதல். தலையணையில் மணிமொழிக்கு நான் தேய்க்கும் எண்ணெயின் மணம். மதினி அன்று முகர்ந்தது இதைத்தான்.

இத்தனை நாளும் நான் மகிழ்ந்திருந்தேன். என் ஒரு பிள்ளை கண்விழித்துக் கிடந்து உருகி, எனக்கு அந்த மகிழ்ச்சியை ஈந்திருக்கிறாள்.

அப்படியானால் எழில்நிலா வரவில்லை. நாங்கள் உப்பையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தபோது, மதினி கேட்டபடி ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். ஒருவரும் கூப்பிடவில்லை. பிறர் வீட்டில் கூப்பிடாமல் அடியெடுத்து வைக்கக் கூடாது என்று அவளுக்குக் கற்பித்தவள் நான். அவள் அந்தப் பூட்டிய வீட்டில் நிற்கிறாள். விளக்கில்லாத வீட்டில் அவள் அஞ்சுவாள்.

இவ்வாறு எழுதுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாதென்பதை நான் அறிவேன்.

இதை இரவில் சேர்க்கிறேன். அவர் பணிமுடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சாளரம் மட்டும் விளங்கவில்லை என்றேன். அவர் செருப்பைக் கழற்றாமலேயே நின்றார்.

"சன்னலு நான்தான் பேச்சி" என்றார். "காத்து இல்லாட்டி அவளுக்கு உறக்கம் வராதுல்லா."


ஆனி 20, சனி

பரணிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கித் துடைத்தேன்.


ஆனி 21, ஞாயிறு

மதினியை வரச்சொல்லி, இருவருமாகக் கடைத்தெருவுக்குச் சென்றோம். பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், நாடா, பொட்டு. கடைப்பெண், "எத்தன வயசுப் பிள்ளைக்கும்மா?" என்று கேட்டாள். பாவாடையின் நிறத்தை நான் முன்பே முடிவு செய்திருந்தேன்: மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை.

"எட்டு" என்றேன். சென்ற சித்திரையில் எட்டு முடிந்திருக்கும். ஓராண்டில் அவள் நன்றாக உயர்ந்திருப்பாள் என்று சற்று நீளமாகவே எடுத்தேன்.

மதினி துணியை என் கையிலிருந்து வாங்கி, மெல்ல மடித்துக் கடைப்பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஏழு வயசுக்குக் கொடும்மா." என் பக்கம் திரும்பினார். "சாமிக்கு வயசு ஏறாதுளா. வருசா வருசம் இதே அளவுதான்."

கடையில் கூட்டம் இருந்தது. நான் ஒரு தூணருகே சென்று சிறிது நேரம் நின்றேன். ஏழு வயதுப் பாவாடை எத்துணைச் சிறியது என்பதை மறந்திருந்தேன். அடுத்த ஆண்டு மணிமொழிக்கும் இதே அளவு எடுக்க வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்த ஆண்டு, தங்கை அக்காளைக் கடந்து போவாள்.

மதினி பேருந்து நிறுத்தத்தில் வழக்கத்தை விளக்கினார். வாசலில் நின்று பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டபின் பெட்டியை வீட்டில் தொங்கவிடும்வரை வாய் திறக்கலாகாது, திரும்பிப் பார்க்கலாகாது.

"ஒனக்கு அதுதான் கஷ்டம்" என்றார். "நீ வாய மூடிக்கிட்டு பஸ்சுல வருவியா?"

சிரித்துவிட்டேன். மதினியும் சிரித்தார். பிறகு இருவருமே வேறு பக்கம் பார்த்தோம்.


ஆனி 25, வியாழன்

மணிமொழிக்குக் காய்ச்சல் முற்றும் நீங்கியது. இந்நாள்களில் என்னருகே கூடத்தில் உறங்கினாள். உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள்.

வாசலில் சொல்லத்தக்க வாக்கியத்தை அமைத்திருக்கிறேன்: "அன்பு மகளே எழில்நிலா, எம்மோடு எம் புதிய இல்லத்துக்கு எழுந்தருள்வாயாக." சொல்லிப் பார்த்தேன். குறையேதுமில்லை.


ஆனி 28, ஞாயிறு

பிள்ளைகளை மதினியிடம் விட்டு, நானும் அவரும் கோவில்பட்டிக்குச் சென்றோம். துணிகளை அடுக்கிய பெட்டி என் மடியில் இருந்தது.

வீட்டில் இன்னும் எவரும் குடிவரவில்லை. வெள்ளை அடித்திருந்தார்கள். முன்வாசலில் வண்ணத்துளிகள் சிந்திக் காய்ந்திருந்தன. அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தனர். பெட்டியைக் கண்டதும் உள்ளே போய்விட்டனர். அவர் சாவியை வாங்கி வந்து கதவைத் திறந்தார். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். உள்ளே கூடமும், கூடத்துக்கு அப்பால் பிள்ளைகளின் பழைய அறையும், சாத்திய சாளரமும் தெரிந்தன.

அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை. "எழுந்தருள்வாயாக" என்று அவளிடம் எவராவது சொன்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வெளியே விளையாடிக்கொண்டிருப்பவளை நான் கூப்பிடும்போது, "வாரேம்மா" என்பாள். "வருகிறேன் அம்மா என்று சொல்" என்பேன். "வாரேம்மா" என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஓடுவாள்.

நான் சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுதுகிறேன்.

"நிலா, வாட்டி. வீட்டுக்குப் போவோம். அம்மா கூப்பிட வந்திருக்கேன்லா. வாட்டி தங்கம்."

அவ்வளவே. பிறகு திரும்பி நடந்தேன். அவர் பின்னால் கதவைச் சாத்தும் ஒலி கேட்டது. சாத்துவதற்கு முன் சற்று நேரம் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. நான் பார்க்கவில்லை.

பேருந்தில் மூவர் அமரும் இருக்கை கிடைத்தது. நான் சாளரத்தோரம் போகாமல் நடுவில் அமர்ந்தேன். அவர் ஓரத்தில் அமர்ந்தார். நடத்துநர் வந்தார்.

"எங்க போணும்?"

"திருநெல்வேலி" என்றார் அவர். "ரெண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்."

"பிள்ள எங்க சார்?"

அவர் விடை சொல்லத் தடுமாறுவார் என்று நினைத்தேன். நான் வாய் திறக்கவியலாத நாளில் அவர் திறந்தார்.

"சன்னல் பக்கம் இருக்கா."

நடத்துநர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் வாய்க்கட்டில் மஞ்சள் பாவாடையின் பச்சைக் கரை சிறிது வெளியே தெரிந்தது. ஒன்றும் கேளாமல் மூன்று சீட்டுகளையும் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னே போனார்.

கயத்தாற்றில் கூட்டம் ஏறியது. பெரிய பையோடு ஒருவர் எங்கள் இருக்கையருகே வந்து, "சன்னல் சீட்டு காலியாத்தான இருக்கு? தள்ளி உக்காருங்கம்மா" என்றார். நான் பெட்டியை இறுகப் பிடித்தேன். பேச முடியாத வாய் என்பது எத்தகையதென்று அப்போது அறிந்தேன். என் கணவர் எழ முற்பட்டார். அதற்குள் பின்படிக்கட்டிலிருந்து நடத்துநரின் குரல் வந்தது.

"அங்க ஆளு இருக்குண்ணே. முன்னால போங்க."

அதன்பின் திருநெல்வேலி வரை நடத்துநர் எங்கள் பக்கம் வரவில்லை. காற்று முழுவதும் அந்தச் சாளரத்தின் வழியாகவே வந்தது. என் இடக்கை முழுதும் குளிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதினி வாசலில் நீர் தெளித்தார். பெட்டியைக் கூடத்தின் கிழக்கு மூலையில் தொங்கவிட்டோம். அரை டிக்கெட்டை என் கணவர் நான்காக மடித்து அதனுள் வைத்தார்.

மணிமொழி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா வந்துட்டாளா?"

இப்போது பேசலாம் என்று மதினி தலையசைத்தார்.

"வந்துட்டா" என்றேன்.


ஆனி 29, திங்கள்

பிள்ளைகளின் அறையை மீண்டும் ஒழுங்குபடுத்தினேன். ஒரு கட்டிலை அவர் பிரித்து மாடிக்கு ஏற்றினார். மரம் கோணினால் கோணட்டும். பள்ளிப் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டேன். அறையின் நடுவே நன்மாறன் தன் பொம்மை லாரியை ஓட்டுமளவு இடம் பிறந்திருக்கிறது. காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருக்கிறான்.

சாளரத்தோரக் கட்டில் மணிமொழிக்கு. அவள் தயங்கினாள்.

"அக்கா கேட்டா?"

"அக்காவுக்கு இனிமேல் வீடு முழுக்க இடம். இது உன்னுடையது."


ஆனி 30, செவ்வாய்

வெயில் முகத்தில் அடித்தும் மணிமொழி எழவில்லை. எழுப்பச் சென்ற நான், விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். பள்ளிக்கு இன்று பிந்திப் போகட்டும். ஜெயராணி டீச்சரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.


ஆடி 1, வெள்ளி

இரவு சாளரத்தைத் தாழிட்டேன். அவர் இரவுப் பணிக்குச் சென்றவர், இன்னும் திரும்பவில்லை. காலையில் சாளரம் திறந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் நன்றாக உறங்குகிறார்கள். நல்ல காற்று.